“என்னுடைய பேர் மட்டும் வரக்கூடாது”: செய்தியின் மூலமும் நீதிமன்றத்தின் கேள்வியும்

கொழும்பிலுள்ள தமிழ் நாளிதழ்களின் செய்திப் பிரிவுகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெறுமதியானவை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடிகின்றன: “தம்பி, என்னுடைய பேர் மட்டும் வரக்கூடாது.” அழைப்பவர் ஒரு வைத்தியசாலையின் மருந்தாளராக இருக்கலாம், பிரதேச செயலகமொன்றின் எழுதுவினைஞராக இருக்கலாம், சில வேளைகளில் பொலிஸ் கான்ஸ்டபிளாகவும் இருக்கலாம். நிருபர் “சரி” என்கிறார். அந்த ஒற்றைச் சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி உண்டு, கொழும்பின் நீதிமன்றங்கள் அமைந்துள்ள புதுக்கடையில் சாட்சிக் கூண்டில் நிற்கும் நிருபரிடம் “இதை உங்களுக்குச் சொன்னவர் யார்?” என்று கேட்கப்படும்போது அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதே இங்கு ஆராயப்படும் விடயம்.

முதலில் நமது சட்டம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், நீதிமன்றத்தில் எவற்றைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒரு சிறிய பட்டியலைத் தருகிறது. கணவன் மனைவிக்கிடையிலான பேச்சு, அரச விவகாரங்கள் தொடர்பான வெளியிடப்படாத பதிவேடுகள், சட்டத்தரணியிடம் அவரது கட்சிக்காரர் சொன்னவை ஆகியன அதில் அடங்கும். வைத்தியர் அந்தப் பட்டியலில் இல்லை. பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரியாரும் இல்லை. எனவே ஊடகவியலாளர் இல்லாதது அவருக்கென்று இழைக்கப்பட்ட தனி அநீதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 125ஆம் பிரிவைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். குற்றம் ஒன்று நடந்தது பற்றிய தகவல் தனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி ஒரு நீதவானையோ பொலிஸ் உத்தியோகத்தரையோ கட்டாயப்படுத்த முடியாது என்று அது கூறுகிறது. தகவல் தந்தவரின் பெயர் நீதிமன்றத்தில் உச்சரிக்கப்படுமானால் நாளை எவரும் பொலிஸாரிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்பதே அதன் பின்னாலுள்ள நியாயம். அந்த நியாயம் சரியானது. ஆனால் பொலிஸாரைப் பற்றித் தகவல் தருபவர், பொலிஸாரிடமே போய் அதைச் சொல்லமாட்டார் அல்லவா? அவர் பத்திரிகைக்குத்தான் வருவார். அந்தக் கதவுக்கு 125ஆம் பிரிவு போன்ற தாழ்ப்பாள் எதையும் 1895ஆம் ஆண்டில் எவரும் பொருத்தவில்லை.

தொழில் ஒழுக்கத்தைப் பொறுத்தவரை நிலைமை தெளிவானது. இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக் கோவை, 2003ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவும் பின்பற்றுகின்ற கோவை, இரகசிய மூலங்களைப் பாதுகாப்பது ஊடகவியலாளரின் தார்மிகக் கடமை என்றும், மூலமாக இருந்தவரே அனுமதி தரும்வரை அது நீடிக்கிறது என்றும் சொல்கிறது. தார்மிகம் என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் விசாரணை ஆணைக்குழுக்கள் சட்டத்தின்கீழ் அழைப்பாணை பெற்று வந்த ஒருவர், நியாயமான காரணமின்றிக் கேள்விக்குப் பதிலளிக்க மறுத்தால் அது ஆணைக்குழுவை அவமதித்த குற்றமாகும். அந்தக் காரணம் நியாயமானதுதானா என்பதைத் தீர்மானிப்பதும் அதே ஆணைக்குழுதான். “வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்பது நியாயமான காரணமா என்ற கேள்வி, இவ்வாறு, கேள்வி கேட்பவரின் கையிலேயே விடப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு குறுக்கீடு வரக்கூடும். அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை வெளியீட்டுச் சுதந்திரத்தைத் தருகிறது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் 14அ உறுப்புரையின் மூலம் தகவல் அறியும் உரிமையையும் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆவணத்தையே கேட்டுப் பெறலாமென்றால் இரகசிய மூலம் எதற்கு? இந்தச் சட்டத்தைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் யாரோ ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பு இலக்கமும் திகதியும் தெரியாமல் அனுப்பப்படும் விண்ணப்பம் “அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை” என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பி வருவது புதிதல்ல. அந்த இலக்கத்தைச் சொல்பவர் யாரென்றால், அரச ஊழியருக்கான விதிகளைக் கொண்ட தாபனக் கோவைக்குக் கட்டுப்பட்ட, 1955ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ இரகசியங்கள் சட்டத்தை நினைத்து அஞ்சுகின்ற, ஓய்வூதியத்துக்கு இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியிருக்கின்ற ஓர் அரச ஊழியர். 2023ஆம் ஆண்டின் ஊழலுக்கு எதிரான சட்டம் ஆணைக்குழுவுக்குத் தகவல் தருவோரைப் பாதுகாக்க முற்படுகிறது. பத்திரிகைக்குத் தொலைபேசியில் பேசுபவரின் கதை வேறு.

நமது சட்ட மரபின் தாய்வீடான பிரித்தானியா இந்தக் கேள்வியோடு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்திருக்கிறது. அந்த வரலாறு நமக்கு ஏனைய நாடுகளினதைவிட அதிகம் கற்றுத்தரும். 1963ஆம் ஆண்டு, ஜோன் வாசல் என்ற கடற்படைத் திணைக்கள எழுதுவினைஞரின் உளவு விவகாரம் குறித்த நியாயசபையின் முன் மூலங்களை வெளியிட மறுத்த நிருபர்களான பிரெண்டன் மல்ஹொலண்ட் ஆறு மாதமும் ரெக் பொஸ்டர் மூன்று மாதமும் சிறைத்தண்டனை பெற்றனர். 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு நிலைமையைத் தலைகீழாக மாற்றியது: வெளியீடொன்றிலுள்ள தகவலின் மூலத்தைச் சொல்லும்படி நீதிமன்றம் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, நீதியின் நலன், தேசிய பாதுகாப்பு, ஒழுங்கீனத்தையோ குற்றத்தையோ தடுத்தல் ஆகியவற்றுக்கு அது அவசியமென நிறுவப்பட்டாலன்றி. வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதிவிலக்கின் வாசல் எவ்வளவு அகலமானது என்பது இரண்டு ஆண்டுகளில் தெரியவந்தது.

1983ஆம் ஆண்டு கார்டியன் நாளிதழுக்கு, அமெரிக்க குரூஸ் ஏவுகணைகள் இங்கிலாந்தின் கிரீனம் கொமன் விமானப்படைத் தளத்துக்கு வரவிருப்பது பற்றிய அரசாங்க ஆவணமொன்றின் நிழற்பிரதி பெயரின்றி வந்து சேர்ந்தது. அனுப்பியவர் யாரென்று பத்திரிகைக்கே தெரியாது. அரசாங்கம் அந்தப் பிரதியைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தின் கட்டளைக்குப் பணிந்து பத்திரிகை அதைக் கையளித்தது. அதிலிருந்த அடையாளங்களைக்கொண்டு நிழற்பிரதி இயந்திரத்தையும், இயந்திரத்திலிருந்து ஆளையும் கண்டுபிடித்தார்கள். சாரா டிஸ்டல் என்ற வெளியுறவு அலுவலகத்தின் இளம் எழுதுவினைஞருக்கு 1984ஆம் ஆண்டு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஆசிரியர் சிறைக்குப் போகவில்லை. பெயர் எதையும் எவரும் சொல்லவுமில்லை. ஒரு கடதாசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இந்த வழக்கை நான் மீண்டும் மீண்டும் நினைப்பதற்குக் காரணம், நீதிமன்றக் கேள்வியைச் சுற்றியே சுழலும் நமது விவாதம் எதைக் காணத் தவறுகிறது என்பதை அது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே காட்டிவிட்டது.

அதன்பின் பில் குட்வின். தொழில்நுட்ப வார இதழொன்றின் பயிற்சி நிருபரான அவருக்கு, நிறுவனமொன்றின் நிதி நெருக்கடி பற்றித் தொலைபேசியில் தகவல் கிடைத்தது. வெளியிடுவதற்கு முன்பே நிறுவனம் தடையுத்தரவு பெற்றது; மூலத்தைச் சொல்ல மறுத்த குட்வினுக்கு 5,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. 1996 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், 11க்கு 7 என்ற பெரும்பான்மையில், இது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் மீறல் என்று தீர்ப்பளித்தது. தகவல் தருவோர் அஞ்சி விலகினால் பொது நலன் சார்ந்த விடயங்களைக் கண்காணிக்கும் பத்திரிகையின் பணியே பலவீனமடையும் என்பது அதன் அடிப்படைத் தர்க்கம். அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தர்க்கம் நமது 125ஆம் பிரிவின் தர்க்கம்தான்.

அமெரிக்காவின் பாதை இன்னும் குழப்பமானது. 1972ஆம் ஆண்டு பிரான்ஸ்பேர்க் வழக்கில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற வாக்கில், ஒருவர்மீது குற்றஞ்சாட்டுவதா என்று தீர்மானிக்கும் பெரும் யூரர் சபையின் முன் சாட்சியமளிக்க மறுக்கும் அரசியலமைப்பு உரிமை நிருபர்களுக்கு இல்லையென்று கூறியது. ஆனால் தோற்ற பக்கத்தில் நின்று நீதியரசர் ஸ்டூவர்ட் எழுதிய நிபந்தனைகள், அதாவது தகவல் வழக்கோடு தெளிவாகத் தொடர்புபட்டிருக்க வேண்டும், வேறு வழியில் பெற முடியாததாக இருக்க வேண்டும், அதற்கு வலுவான தேவை இருக்க வேண்டும் என்பவை, பின்னர்ப் பல கீழ் நீதிமன்றங்களின் அளவுகோலாயின. மேரிலாந்து மாநிலம் நிருபர்களைப் பாதுகாக்கும் சட்டத்தை 1896ஆம் ஆண்டிலேயே இயற்றியது. நமது சான்றுக் கட்டளைச் சட்டம் எழுதப்பட்ட மறு ஆண்டு என்பதைக் கவனிக்கலாம். சமஷ்டி மட்டத்திலோ அவ்வாறான சட்டம் இன்றுவரை இல்லை. அதனால்தான் 2005ஆம் ஆண்டு, மூலத்தைச் சொல்ல மறுத்த நியூ யோர்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர் 85 நாட்கள் சிறையிலிருந்தார்.

பாதுகாப்பை ஆதரிப்பவர்கள் வசதியாகக் கடந்துபோகும் வழக்கு ஒன்றும் உண்டு. நியூ யோர்க் டைம்ஸ் நிருபர் மைரன் பார்பரின் செய்திகளையடுத்து, நோயாளர்களை நஞ்சூட்டிக் கொன்றதாக ஒரு வைத்தியர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1978ஆம் ஆண்டு அந்த வழக்கில் நிருபரின் குறிப்புகளைக் கேட்டது அரசாங்கம் அல்ல. தனது வாழ்வுக்காகப் போராடிய எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். பார்பர் மறுத்தார், 40 நாட்கள் சிறையிலிருந்தார், பத்திரிகை ஏறத்தாழ 285,000 டொலர் அபராதம் செலுத்தியது. வைத்தியர் இறுதியில் விடுதலை பெற்றார். ஆனால் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டிருந்தால்? ஒருவரின் குற்றமின்மையை நிரூபிக்கக்கூடிய ஒரே சான்று நிருபரின் மேசை இழுப்பறையில் கிடக்கும்போது, “வாக்குக் கொடுத்தேன்” என்பது போதுமான பதிலாக எனக்குத் தோன்றவில்லை. முழுமையான, விதிவிலக்கே இல்லாத பாதுகாப்பைக் கேட்பவர்களோடு நான் உடன்படாத இடம் இதுதான்.

நம் நாட்டில் இதைவிடக் கசப்பான உதாரணம் உண்டு. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து ஒரு மாதம் கழிந்து, 2019 மே 23ஆம் திகதி, சிங்கள நாளிதழொன்று முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முதற்பக்கத்தில் வெளியிட்டது. செய்தியின் மூலங்களுக்குப் பெயர் இல்லை. குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஒருவர் அடுத்து வந்த நாட்களில் கைதுசெய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றுக்கு அறிவித்தது. அதற்கிடையில் ஒரு குடும்பமும் ஒரு சமூகமும் அனுபவித்தவற்றை இங்கே விவரிக்கத் தேவையில்லை. பெயரில்லாத மூலம் எப்போதும் நலிந்தவரின் கேடயம் என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியை மறந்துவிடுகிறார்கள். அதிகாரமும் சில வேளைகளில் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும்.

அப்படியானால் அந்த மூலத்தைச் சொல்லும்படி பத்திரிகையைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டுமா? அவசரப்பட்டு “ஆம்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் செய்தியின் பொறுப்பு அதை வெளியிட்டவருடையது. அவதூறு வழக்குகளில் ஆங்கிலப் பொதுச் சட்டம் நெடுங்காலமாக ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்து வந்திருக்கிறது: வழக்கு விளக்கத்துக்கு முந்திய கட்டத்தில் பத்திரிகையிடம் மூலத்தைக் கேட்பதில்லை. மூலத்தை மறைக்கும் பத்திரிகை, தன் செய்தி உண்மையென்று வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டும். இரகசியத்தின் விலையை வாக்குக் கொடுத்தவரே செலுத்துகிறார். 2002ஆம் ஆண்டு குற்றவியல் அவதூறு நீக்கப்பட்ட பிறகு நமக்கு எஞ்சியிருப்பது இந்தச் சிவில் வழிதான். அது மெதுவானது, செலவு மிக்கது என்பது உண்மையே. தெரிந்தே பொய் சொல்லித் தன்னைப் பயன்படுத்திய மூலத்துக்குக் கொடுத்த வாக்கு நிருபரைக் கட்டுப்படுத்தாது என்று பல ஆசிரியர்கள் கருதுகிறார்கள். நானும் அவ்வாறே கருதுகிறேன். அந்த முடிவைச் செய்தி அறை தானாக எடுப்பதற்கும் பொலிஸார் வந்து எடுக்கச் செய்வதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

இனி நமது நகரத்துக்குத் திரும்பலாம். லண்டனிலும் வொஷிங்டனிலும் எழுந்த கேள்வியைக் கேட்டது நீதிபதி, மறுத்தவரின் அருகில் சட்டத்தரணி இருந்தார், மேன்முறையீடு இருந்தது. கொழும்பில் நிருபர்களின் அச்சம் வேறு இடங்களில் உருவானது. 2005 ஏப்ரல் 28ஆம் திகதி ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் கிடந்தது. திருகோணமலையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் துப்பாக்கிச் சூட்டில்தான் இறந்தார்கள் என்பதைக் காட்டும் படங்களை எடுத்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். 2008 மே மாதம், இராணுவ விவகாரங்களை விமர்சித்து எழுதிவந்த கீத் நொயார் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டார். 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவின் குறிப்புப் புத்தகம் காணாமற்போனது பின்னாளில் விசாரணைக்குரிய தனி விடயமாயிற்று. இவை மூலங்களை வெளியிடுவது பற்றிய வழக்குகள் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிரதேச செயலகத்தின் எழுதுவினைஞர் தொலைபேசியை எடுக்கும் முன் நினைப்பது குட்வின் தீர்ப்பையா, இவர்களையா?

சட்டத்துக்குள்ளேயே வேறொரு பாதையும் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழான குற்றமொன்றைப் பற்றித் தெரிந்தும் பொலிஸாருக்கு அறிவிக்காதவருக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறை விதிக்கலாம். வடக்கிலோ கிழக்கிலோ போர்க்காலத்தில் செய்தி சேகரித்த எந்த நிருபரையும் இந்தப் பிரிவுக்குள் இழுத்துவிட முடிந்திருக்கும். அதே சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் இடமளிக்கிறது. 2009 ஓகஸ்டில் கொழும்பு மேல் நீதிமன்றம் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு, அவர் எழுதிய கட்டுரைகள் தொடர்பில், 20 ஆண்டுகள் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தபோது அவ்வாறான வாக்குமூலம் ஒன்றும் வழக்கில் இருந்தது. 2010ஆம் ஆண்டு அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. “யார் சொன்னார்?” என்ற கேள்வி நீதிபதியின் முன்னிலையில் எழுவதற்கு மாதங்களுக்கு முன்னரே, கதவு மூடிய அறையொன்றில் எழுந்து முடிந்துவிடலாம் என்பதுதான் இதன் பொருள்.

இன்று அந்த அறைகூடத் தேவைப்படாமல் போகலாம். ஆங்கில வார இதழொன்றின் ஆசிரியராக இருந்த தரிஷா பஸ்டியன்ஸின் தொலைபேசி அழைப்பு விபரங்கள் பெறப்பட்டன. 2020 ஜூனில் அவரது மடிக்கணினியைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைப்பற்றியது. கேட்டால் மறுக்கலாம். மடிக்கணினி மறுக்காது. டிஸ்டலைக் காட்டிக்கொடுத்த நிழற்பிரதியின் வேலையை இப்போது அழைப்புப் பதிவேடும் வட்ஸ்அப் காப்புப்பிரதியும் செய்கின்றன. சாட்சிக் கூண்டில் நிற்கும் நிருபரை மட்டும் பாதுகாக்கும் சட்டம், சுவரில்லாத வீட்டுக்குப் பூட்டிய கதவு. இதை ஐரோப்பிய நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் சனோமா வழக்கில் எடுத்துக்கொண்டது: சட்டவிரோத மோட்டார் பந்தயமொன்றின் படங்களைப் பொலிஸார் சஞ்சிகையிடமிருந்து பெற்றதற்கு முன், சுயாதீனமான நீதிபதி ஒருவரின் மதிப்பீடு இருந்திருக்க வேண்டும் என்று அது கூறியது. அயலில், 2021 ஒக்டோபரில் பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் மூலங்களின் பாதுகாப்பையும் இரகசியக் கண்காணிப்பையும் ஒரே மூச்சில் பேசியது. ஆயினும் அந்நாட்டின் சட்ட ஆணைக்குழு 1983ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்த சாட்சியச் சட்டத் திருத்தம் அங்கு நிறைவேறவில்லை.

யார் ஊடகவியலாளர் என்ற கேள்வி தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தனிக் கவலை தருவது. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டை வைத்திருப்பவரே ஊடகவியலாளர் என்று பாதுகாப்பை வரையறுத்தால், செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து ஊதியம் பெறுகின்ற, நியமனக் கடிதமே இல்லாத பிராந்திய நிருபர்கள் பலர் வெளியே நிற்க நேரும். அவர்களுடைய மூலங்கள்தான் மிக எளிதில் அடையாளம் காணப்படக்கூடியவர்கள். ஓர் உபதபாலகத்தில் மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள் என்றால் “பெயர் குறிப்பிட விரும்பாத ஊழியர்” என்று எழுதுவதில் என்ன மறைப்பு இருக்கிறது? பிரித்தானியச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அதன் குறைகள் எப்படியிருந்தாலும், ஊடகவியலாளர் என்ற சொல்லைத் தவிர்த்து, வெளியீட்டுக்குப் பொறுப்பான எவரையும் தழுவுகிறது. அந்த வரைவு நமக்கும் பொருந்தும்.

சுவீடன் இந்தக் கேள்வியை முற்றாகத் திருப்பிப் போட்டது. பத்திரிகைச் சுதந்திரத்தை 1766ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கிய அந்த நாட்டில், பெயர் வெளிவரக் கூடாதென்று கேட்ட மூலத்தை வெளியிடும் நிருபரே குற்றவாளி. மூலம் யாரென்று துருவும் அதிகாரியும் அவ்வாறே. குறுகிய விதிவிலக்குகள் சில உண்டு. உரிமை நிருபருடையதன்று, வாக்கைப் பெற்றவருடையது என்ற நிலைப்பாடு அது. அமெரிக்காவில்கூட, வாக்கை மீறித் தனது பெயரை வெளியிட்ட பத்திரிகைகளிடமிருந்து டான் கொஹென் என்ற மூலம் 200,000 டொலர் நட்டஈடு பெற்றார். 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாறான வழக்குக்கு அரசியலமைப்பு தடையில்லையென்றது. நமது விவாதங்களில் சிறைசெல்லும் ஆசிரியரின் படம் பெரிதாகவும், வேலையிழக்கும் எழுதுவினைஞரின் படம் சிறிதாகவும் இருப்பதை இந்த இரண்டு நாடுகளும் திருத்துகின்றன.

என் முடிவு இது: நிருபரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரம் நீதிபதிக்கு மட்டும், மற்ற எல்லா வழிகளும் தீர்ந்த பின்பு, ஓர் எதிரியின் குற்றமின்மையோ ஓர் உயிரோ அதில் தங்கியிருக்கும்போது இருக்கலாம், பொலிஸாருக்கும் ஆணைக்குழுக்களுக்கும் இருக்கக் கூடாது. அவசியத்தை நிறுவும் சுமை கேட்பவர்மீது இருக்க வேண்டும். அழைப்புப் பதிவேட்டுக்கும் கைப்பற்றப்படும் கருவிக்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டும்; பொருந்தாவிட்டால் மற்றவை எழுத்தில் இருந்தும் பயனில்லை. 

அதுவரை, செய்திப் பிரிவின் தொலைபேசி ஒலிக்கும்போது “சரி” என்ற சொல் அரைகுறை வாக்காகவே இருக்கும். பேர் வரக்கூடாதென்று கேட்பவரிடம் அனுபவமுள்ள நிருபர் இப்போது வேறொன்றை முதலில் கேட்கிறார்: “அண்ணே, நீங்கள் எந்தத் தொலைபேசியிலிருந்து கதைக்கிறீர்கள்?”